ஜப்பான் காற்றும் அயோத்தியாப்பட்டணத்துக் கழுத்துகளும்

ஆத்தூர் சவ்வரிசி ஆலைக் கூலி காத்தானின் மகள் அறிவுச்செல்வி, ஸ்கேன் டாக்டராகிச் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். அதன் முதலாளி டாக்டர் இனியனுக்குத் திடீரென்று ஜப்பான் மேல் அக்கறை பிறந்தது. அணு உலை விபத்துக்குப் பிறகு அங்கே கழுத்தில் வரும் தைராய்டு புற்றுநோய் பல மடங்கு பெருகிவிட்டதாம். அந்தக் காற்று நம் பக்கமும் வீசுகிறதாம். நோட்டீஸ் அடித்து, அயோத்தியாப்பட்டணத்துக் கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் போட்டார். அத்தனை கடல் தாண்டிய காற்று, வழியில் யாரையும் தொடாமல் இந்த மண்டப வாசலில் வந்து இறங்கியதாக்கும் என்று அறிவுச்செல்வி மனதுக்குள் சிரித்தாள்.

அவள் படித்தவள். முன்பு செர்னோபில் அணு உலை வெடித்தபோது கதிரியக்கம் கலந்த பாலைக் குடித்த பிள்ளைகளுக்கு அந்த நோய் நிஜமாகவே வந்தது. ஜப்பானில் நல்லாயிருந்த பிள்ளைகளையும் லட்சக்கணக்கில் ஸ்கேன் செய்தார்கள். தேடியதால்தான், தொந்தரவு தராமல் சும்மா கிடந்த இத்தனை கட்டிகள் அகப்பட்டன என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். இனியனுக்கு அதெல்லாம் தெரியாமலில்லை. தெரிந்ததில் பாதியை மட்டும் நோட்டீஸில் போட்டிருந்தார்.

மதியத்துக்குள் முப்பது கழுத்து பார்த்தாள். ஒன்பதில் கடுகளவும் பயறளவுமாய்க் கட்டிகள். 'உடனே ஆபரேஷன்' என்று எழுதச் சொல்லி இனியன் ஆளனுப்பினார். அவள் 'ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்' என்றே எழுதினாள். ஆனால் அந்த ஒன்பது பேரில் ஒருத்தியான, தக்காளி விற்கும் பொன்னாயியை இனியன் அதற்குள் பயமுறுத்தியிருந்தார்.

"நான் சேலத்தையே தாண்டுனதில்லம்மா. ஜப்பானுக்கு நான் என்ன பண்ணுனேன்?" என்று பொன்னாயி அழுதாள்.

பிறகு பத்திரிகைக்காரர் வர, போட்டோவுக்காக இனியனே கட்டிலில் படுத்தார். அறிவுச்செல்வி கருவியை வைத்தாள். திரையில் ஒரு கட்டி தெரிந்தது.

"சார், உங்களுக்கும் இருக்கு. ஆறு மில்லிமீட்டர். ஆபரேஷன்னு எழுதட்டுங்களா?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. இனியன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இந்த சைஸெல்லாம் ஒண்ணும் பண்ணாதும்மா."

"பொன்னாயி அம்மாவுக்கு இதவிடச் சின்னது சார். அவங்ககிட்டயும் இதையே சொல்லிருங்க."

கூட்டம் நோட்டீஸைக் கீழே போட்டுவிட்டுக் கலைந்தது. சாயங்காலமே அவள் வேலை போனது, வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டார்கள்.

இப்போது ஆத்தூரில் சின்னதாக ஒரு ஸ்கேன் அறை வைத்திருக்கிறாள். ஆறு மாதத்துக்கொரு முறை பொன்னாயி பஸ் ஏறி வந்து கழுத்தைக் காட்டுகிறாள், கட்டி வளரவேயில்லை. இனியன் ஜப்பானை விட்டுவிட்டுச் சிறுநீரக முகாம் நடத்துகிறார். தன் கழுத்தை மட்டும் சென்னைக்குப் போய் யாருக்கும் தெரியாமல் மூன்று முறை காட்டிவிட்டு வந்தாராம். கத்தி வைக்க அவர் சம்மதிக்கவில்லை.