அணுகுண்டுப் பெட்டியில் ஒரு நடிகை

போன வாரம் விருதுநகரில் பட்டாசு வாங்கப் போனேன். பெட்டியில் ஒரு பெண் சிரிக்கிறாள். முகத்தில் ஒரு மரு இல்லை, ஒரு பரு இல்லை.

"யாருப்பா இது?"

"யாருமில்லக்கா, கம்ப்யூட்டரு போட்டுக் குடுத்தது" என்றார் கடைக்காரர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டாசுப் பெட்டிக்கு முகம் தேடுவது எம்புட்டுப் பெரிய வேலை என்று இவர்களுக்கு என்ன தெரியும்? அந்த வேலையைச் செய்தவள் நான்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். ஏழாயிரம்பண்ணையிலிருந்து பஸ் பிடித்து சிவகாசியில் ஓர் அச்சகத்துக்குப் போவேன். ஊரில் மற்றவர்கள் வெடிமருந்து வாசனையோடு வீடு திரும்புவார்கள், நான் மை வாசனையோடு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். பத்திரிகையில் வரும் நடிகை முகத்தை வெட்டி, ஸ்கேன் செய்து, சுற்றிலும் பொறி பறக்கவிட்டு லேபிள் ஆக்க வேண்டும். அனுமதியா? அப்படி ஒன்று கேட்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றியதில்லை. திருட்டுதான், வேறென்ன.

ஒரு நடிகையை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெயர் வேண்டாம். முறையாகப் பரதம் படித்தவர், மேடை நாடகத்தில் ராணியாக வந்து அதட்டியவர். சினிமாவில் மட்டும் படத்துக்குப் படம் அழவிட்டார்கள். அண்ணன் செத்தால் அழுவார், தம்பி ஓடிப்போனால் அழுவார், ஒரு படத்தில் பசுமாடு செத்ததற்கும் அழுதார். கண் பெரிசாக இருக்கிறதே என்று அவரைப் புஸ்வாணம் பெட்டியில் போட்டேன்.

அந்த அம்மா சிவகாசிக்கே நாடகம் போட வந்துவிட்டார். அச்சகத்தோடு பட்டாசுக் கம்பெனியும் வைத்திருந்த எங்கள் முதலாளி அண்ணாச்சி செய்த காரியத்தைக் கேளுங்கள். அந்தப் புஸ்வாணப் பெட்டியை ஜரிகைத் தாளில் சுற்றி அன்பளிப்பாகக் கொண்டுபோனார். திருடிய முகத்தை முகத்துக்குச் சொந்தக்காரரிடமே! கூட நானும் போனேன், அச்சகத்தின் புது டிஜிட்டல் கேமராவோடு.

ஒப்பனை அறையில் அவர் தாளைப் பிரித்தார்.

"நானா? புஸ்வாணமா?"

"ஆமாம்மா, நம்ம கம்பெனியில டாப்பு ஐட்டம். பத்தடி எந்திரிக்கும்."

"என் படம் ஓடலன்னா பத்திரிகையில எழுதற வார்த்தைய்யா இது!"

அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது. "இந்தப் புள்ளதாம்மா செஞ்சது" என்று என்னைக் காட்டிக்கொடுத்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "பெறகு எதுலதான் போடச் சொல்றீக? எல்லாப் படத்துலயும் அழுதுக்கிட்டே இருக்கீக. வெடியில போட்டா நமுத்துப் போகாதா?"

"ஏ புள்ள, வாய மூடு!" என்று பதறினார் அண்ணாச்சி.

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "அணுகுண்டுல போடு. எடு கேமராவ."

காலை ஊன்றி நின்றார். ஒரு புருவம் ஏறியது. கண்ணில் தீ. "ரௌத்திரம். இத வருஷக்கணக்கா படிச்சேன். சினிமாவுல ஒருத்தன் கேக்கல."

நான் பயந்து பின்னால் போய் பெஞ்சில் இடித்தேன். முதல் படத்தில் மின்விசிறிதான் விழுந்தது. இரண்டாவதில் என் கட்டைவிரல். மூன்றாவது தடவை அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டதால் படம் பிரமாதமாக அமைந்தது.

மாதிரிக்கு நாலு கட்டு லேபிள் அடித்தோம். ஒரு வியாபாரியும் ஆர்டர் கொடுக்கவில்லை. "என்ன அண்ணாச்சி, எம் பொண்டாட்டி கணக்கா மொறைக்குது! தீவாளியன்னைக்கும் திட்டு வாங்கணுமா?"

"சிரிக்க வச்சிரு தாயி" என்றார் அண்ணாச்சி. கம்ப்யூட்டரில் உதட்டை இழுத்துப் பார்த்தேன். கண் அப்படியே திட்டியது. பல்வலிக்காரி மாதிரி ஆகிவிட்டார். கடைசியில் அண்ணாச்சி அவரை எடுத்துவிட்டுக் கிளியைப் போட்டார்.

தீபாவளிக்கு முன்னால் அந்த அம்மா அச்சகத்துக்குப் போன் செய்தார். "அணுகுண்டு எப்படிப் போகுது?" புதுப் படம் வெளியான மறுநாள் கேட்பது போல இருந்தது குரல்.

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அன்றைக்குச் சொன்னேன். "எல்லாம் வித்துத் தீந்துருச்சும்மா."

"பாத்தியா! நான் சொன்னேன்ல!" என்று சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அவருடைய எந்தப் படத்திலும் நான் கேட்டதில்லை.

பிறகும் இரண்டு படத்தில் அழுதார். இப்போது நடிப்பதில்லை. அச்சகம் இருந்த இடத்தில் செல்போன் கடை. படம் இருந்த கம்ப்யூட்டரும் காயலான் கடைக்குப் போய்விட்டது. அந்த நாலு கட்டு லேபிளை அண்ணாச்சி அந்த வருஷமே டீக்கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டார். வடையை அதில்தான் வைத்துக் கொடுத்தார்கள். நானும் வாங்கினேன். எண்ணெய் ஊறியும் அந்த அம்மா முறைத்துக்கொண்டுதான் இருந்தார். நான் தின்று முடித்து, அதிலேயே கையைத் துடைத்துக் கசக்கிப் போட்டேன், மடச்சி.