விட்டுக்கொடுத்த குதிரை

என் வீட்டுக்காரர் செஸ் கிராண்ட்மாஸ்டர். கோபம் வந்தால் கத்தமாட்டார். காது மடல் இரண்டும் சிவந்துவிடும், அவ்வளவுதான். கத்துவதெல்லாம் என் பொறுப்பு. கல்யாணமான நாளிலிருந்து இந்த வேலைப் பங்கீடு ஒழுங்காக நடந்துவருகிறது.

ஐம்பதைத் தாண்டிய மனுஷரை ஒரு மென்பொருள் கம்பெனி பந்தயத்துக்குக் கூப்பிட்டது. அவர்களுடைய செஸ் புரோகிராம் தன் குதிரை ஒன்றை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு ஆடுமாம். சின்னப் பிள்ளைகளோடு ஆடும்போது நாம் விட்டுக்கொடுப்போமே, அந்த மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மானம் போகும், போகாதீங்க" என்றேன்.

"ஒரு குதிரை குறைச்சலா ஆடுறதைக்கூட ஜெயிக்க முடியலேன்னா, நான் எதுக்கு இத்தனை வருஷம் பலகை முன்னாடி உட்கார்ந்தேன்? ஒரே ஒரு ஆட்டம், என் மூளையால ஜெயிச்சாப் போதும்" என்றார்.

அந்த ஒன்றுதான் கிடைக்கவில்லை. முதல் மூன்று ஆட்டங்களிலும் அந்தச் சனியன் அவரை மண்ணைக் கவ்வ வைத்தது. மிச்சமிருந்தது கடைசி ஆட்டம்.

அன்று அரங்கத்தில் என் பக்கத்தில் என் அண்ணன் உட்கார்ந்திருந்தான். வீட்டு புரோக்கர். குதிரை எப்படிப் போகும் என்பதே அவனுக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் கையில் போன் இருந்தது, அதில் அதே புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. யார் கை ஓங்குகிறது என்று ஒரு கோடு ஏறி இறங்கிக் காட்டும், அடுத்து எந்தக் காயை ஆடலாம் என்றும் சொல்லும். வெறும் காட்சி ஆட்டம் என்பதால் போனை யாரும் தடுக்கவில்லை. முன்வரிசை முழுக்க அதே கோடு.

கோடு திடீரென்று இவர் பக்கம் எகிறியது. இவருக்கு அது எப்படித் தெரியும்? வெகுநேரம் யோசித்துவிட்டு, ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்கி வைக்கக் கையைக் கொண்டுபோனார். அண்ணன் சத்தமாக உச்சுக்கொட்டினான். வரிசையே சேர்ந்து உச்சுக்கொட்டியது.

அவர் கை அந்தரத்தில் நின்றது. காயைத் தொட்டிருந்தால் அதையேதான் ஆட வேண்டும், இன்னும் தொடவில்லை. கையை இழுத்துக்கொண்டு பலகையைப் பார்த்தார். பார்வை யானையிடம் போய் நின்றது. காது மடல் சிவந்தது. பிறகு ராஜாவையே ஒதுக்கி வைத்தார். அந்த ஆட்டமும் போனது.

கம்பெனிக்காரர்கள் இளித்துக்கொண்டே ஒரு கண்ணாடிப் பெட்டியை நீட்டினார்கள். உள்ளே புரோகிராம் விட்டுக்கொடுத்த குதிரை. ஞாபகார்த்தமாம்.

வீட்டுக்கு வந்தும் அண்ணன் விடவில்லை. "யானையை வெட்டுக் குடுத்திருந்தா முடிஞ்சிருக்கும் மாப்பிள்ளை. ஜெயிச்ச ஆட்டத்தைக் கோட்டை விட்டுட்டீங்களே."

எனக்கும் அவர்மேல்தான் ஆத்திரம். "நீங்களும் அதைப் பார்த்தீங்கதானே? அப்புறம் ஏன் ஆடல?"

"உன் அண்ணன் உச்சுக்கொட்டின அப்புறம்தான் பார்த்தேன். அதுவரைக்கும் அங்க ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது. இருக்குன்னு தெரிஞ்சிட்டா எவன் வேணா கண்டுபிடிப்பான்." அண்ணன் பக்கம் திரும்பினார். "உங்க போன்ல ஓடினதும் அதே புரோகிராம்தானே மச்சான்? அது சொல்லிக்குடுத்து நான் அதை ஜெயிக்கணுமா?"

"யாருக்குத் தெரியப்போகுது?" என்று சிரித்தான் அண்ணன்.

என் ஆத்திரம் அப்படியே அவன் பக்கம் திரும்பியது. மிச்சமிருந்த ஒரே ஆட்டத்தையும் கெடுத்துவிட்டு, என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கிறான். கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன். குதிரையை எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டேன். வீட்டுக்காரர் தடுக்கவில்லை.

"ஆடினது நீதானேண்ணே. இது உனக்குத்தான், எடுத்துட்டுக் கிளம்பு."