இரண்டு கரண்டிக் கஞ்சி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கண்டிக்குப் பக்கத்து மடவளையில் கலியாணம் என்றால் ஹபீல்தான் அடுப்பில் சோற்றுக் கிடாரம் ஏற்ற வேண்டும். கைநிறைய ருசி, மூக்குநுனியில் கோபம். அவன் சமைத்ததை வேண்டாமென்ற ஒரே ஆள் அவன் மனைவி பஸீஹா. அதுவும் வயிற்றில் கட்டி வந்த பிறகுதான்.

கண்டி டாக்டர் கையை விரித்துவிட்டார். தின்றால் தேறிவிடுவாள் என்று ஹபீல் கோழி ஆணம் வைத்தான், நெய்ச்சோறு ஆக்கினான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். ஊரே விரல் சூப்பித் தின்கிற சோறு இவளுக்கு மட்டும் கசக்கிறதாம்! அவன் வீசிய சோற்றுப் பீங்கான் முற்றத்தில் போய் உடைந்தது.

"புடிச்சி ஊட்டுங்க நானா, இல்லாட்டிப் பட்டினியிலயே மவுத்தாயிருவா," என்றாள் அவன் தங்கை ஜெஸீமா.

ஹபீல் மனைவியின் கைகளைப் பிடித்துக்கொள்ள, ஜெஸீமா வாயில் திணித்தாள். போனதெல்லாம் வெளியே வந்தது. நனைந்த பாயை மாற்ற அவளைத் தூக்கினான் ஹபீல். கிடாரம் தூக்கிப் பழகியவன், மூச்சைப் பிடித்துத் தூக்கியதில் பின்னால் தள்ளாடிப் போனான். பாரமே இல்லை. தொடையில் எலும்புதான் கைக்குத் தட்டுப்பட்டது. பிடிவாதக்காரிக்கு இப்படியா உடம்பு வற்றும்? நோய்தான் பசியையும் சதையையும் சேர்த்துத் தின்றுகொண்டிருந்தது.

"வீம்பு இல்ல," என்றாள் அவள் மெதுவாக. "உங்கட உடுப்புல இருக்கிற நெய் மணத்துக்கே கொமட்டுது. சொன்னா மனசு நோகுமெண்டு பேசாம இருந்தேன்."

இத்தனை நாளும் அவள் வாயை அடைத்தது இந்தச் சட்டையா! ஹபீலுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. சட்டையைக் கிழித்தெறிந்தான். மலைத்தண்ணீர் விழும் பீலியில் தோல் சிவக்கத் தேய்த்துக் குளித்தான். அடுப்பை வீட்டுக்குப் பின்னால் தள்ளிப் போட்டு, அரிசிக் கஞ்சி காய்ச்சி, நன்றாக ஆறவைத்துக் கொண்டுவந்தான். இரண்டு கரண்டி இறங்கியது.

"இன்னும் ஒரு வாய்," என்று ஜெஸீமா கிட்ட வந்தாள்.

"அவ போதுமெண்டா போதும்! எழும்பிப் போ!"

கட்டி கரையவில்லை. அந்த மழைக்காலம் முடியுமுன் பஸீஹா மவுத்தானாள். ஆனால் கடைசிவரை அவனைக் கண்டு முகத்தைத் திருப்பவில்லை.

நாற்பதாம் நாள் அவள் பேரில் ஓதும் கத்தத்துக்கு ஊர் திரண்டது. ஹபீல் வீட்டு நெய்ச்சோறு என்றால் சும்மாவா? ஓதி முடித்துக் கை கழுவி உட்கார்ந்தார்கள். ஹபீல் ஆளுக்கொரு கோப்பை வைத்து, ஆறிய கஞ்சியை இரண்டிரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டே போனான்.

"இதென்ன ஹபீல், ஊரக் கூப்பிட்டுக் கேலியா?" என்று சீறினார் ஸெய்னுலாப்தீன் ஹாஜியார்.

"அவட பேரச் சொல்லித் தின்ன வந்தீங்க," என்றான் ஹபீல், அடுத்த கோப்பையில் ஊற்றியபடி. "அவ தின்டதத் தின்னுங்க. இந்த ஊட்டுல இனி நெய் உருகாது!"