ஓட்டை டின்னுக்குள் குண்டு பல்பு

விழுப்புரத்தில் இருந்த என் சகலையின் பட்டறையை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஓர் எண்ணெய் டின். சுற்றிலும் ஆணியால் ஓட்டை போட்ட பழைய டின். அதற்குள் ஒரு குண்டு பல்பு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், அன்றாட வேலை முடிந்ததும் அந்த டின்னை, பலகை இழைக்கிற பிளேனர் மெஷினின் இரும்பு மேசைக்கு அடியில் வைத்து பல்பைப் போட்டுவிடுவார். மேசை மேல் ஒரு பழைய கம்பளி. ஓட்டைகள் வழியாக மஞ்சள் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தரையில் விழும். கைக்குழந்தையைத் தூங்கவைப்பது போல அந்தக் கம்பளியின் முனைகளை இழுத்துவிடுவார். பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு வயிறு எரிந்தது. ஒரு பல்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சகலை என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். அவரும் மரவேலைக்காரர், நானும் மரவேலைக்காரன்; என் பட்டறை திண்டிவனத்தில். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஒரே மாதிரி பிளேனர் வாங்கிப் போட்டோம். சில மழைக்காலம் போனதும் அவருடைய மேசை முகம் பார்க்கலாம் போல இருந்தது, என்னுடையது சொரசொரவென்று ஆகிவிட்டது. வார்ப்பிரும்புக்கு ஈரக் காற்று ஆகாது. மழை நாளில் விடியும்போது இரும்பு சில்லிட்டுக் கிடக்கும்; காற்றில் இருக்கிற ஈரம் அதன்மேல் வியர்வையாகப் படியும். துடைக்காமல் விட்ட மரத்தூள் அந்த ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காலையில் பார்த்தால் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம்தான், ஆனால் தேய்க்கத் தேய்க்க மேசை மட்டம் போய், பலகை திக்கித் திக்கி நகரும். கோடையில் வேறு தொல்லை. தகரக் கூரைக்குக் கீழே மோட்டார் கொதித்துப் போய் நின்றுவிடும். சகலை தகரத்துக்கு அடியில் தென்னங்கீற்று வேய்ந்து அதற்கும் ஒரு வழி பண்ணியிருந்தார். எனக்கு அந்த யோசனை வராததுகூடப் பெரிதில்லை. அவருக்கு வந்ததுதான் பொறுக்கவில்லை.

மரக்காணத்து உப்புக் காற்று திண்டிவனம்வரை வருகிறது, அதனால்தான் என் மெஷின் துருப்பிடிக்கிறது என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். “ஏங்க, எங்க மாமா பட்டறைக்கு மட்டும் பாண்டிச்சேரிக் காத்து வராதா?” என்று கேட்டுவிட்டு என் மனைவி சோறு போடப் போய்விட்டாள். அக்கா புருஷனைப் பற்றிப் பேசும்போது அவள் குரலில் தனியாக ஒரு மரியாதை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்தச் சமயத்தில்தான் மாமனார் புது வீடு கட்டினார். கூட்டேரிப்பட்டுப் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். தன் நிலத்தில் நின்ற வேப்பமரத்தை அறுத்துத் தலைவாசல் கதவு செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் தலைவாசல் கதவைத்தான் தடவிப் பார்ப்பார்கள். யார் வேலை என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாக என் பேர் வர வேண்டும் என்று நான் தவியாய்த் தவித்தேன். மாமனாரோ, “ரெண்டு மாப்ளைங்களும் ஆளுக்கு ஒரு பலகை இழைச்சி வைங்க. வந்து பாத்துட்டு சொல்றேன்” என்று சொல்லிவிட்டார்.

ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை என் மெஷினும் மின்ன வேண்டும். விழுப்புரத்துப் பல்பின் ரகசியத்தை வாய்விட்டுக் கேட்க என் மானம் இடம் கொடுக்கவில்லை. கேட்காமலே செய்துவிடலாம் என்று தோன்றியது. கடையில் எல்.இ.டி. பல்பு வாங்கினேன். சகலையின் பல்பு அழுது வடிகிற மஞ்சள், என்னுடையது பால் வெள்ளை. அவருடையதைவிட வெளிச்சம் அதிகம் என்று எனக்கு ஒரே பெருமை. மெஷினைத் துடைத்துப் பூஜை போட்டு, மேசை ஓரமாக வரிசையாய்ச் சந்தனப் பொட்டு வைத்தேன். பூஜை போட்ட மெஷினை மறுபடி ஓட்டும்வரை நாங்கள் கை வைப்பதில்லை, பொட்டை அழிப்பதும் இல்லை. அடியில் பல்பைப் போட்டு, மேலே கம்பளி போர்த்திப் பூட்டினேன். அன்றைக்குப் பிடித்த மழை விடவே இல்லை. ஆட்களும் வேலைக்கு வரவில்லை. பல்புதான் எரிகிறதே என்று நான் பாட்டுக்கு வீட்டில் இருந்தேன்.

சில நாள் கழித்துப் பட்டறையைத் திறந்து கம்பளியை எடுத்தால், ஒவ்வொரு சந்தனப் பொட்டும் ஒரு துருப் பொட்டாக மாறியிருந்தது. கம்பளி ஈரத்தை வேறு குடித்து வைத்திருந்தது. மாமனார் வரும் நாள் அது. அவசரமாகத் தேய்த்துவிட்டு வேப்பம்பலகையை ஓட்டினேன். மழையில் ஊறிய மரம். துருவின் மேல் உரசிப் போனதில் நெடுகக் கரிய கோடு விழுந்துவிட்டது. மறுபடி ஓட்டினேன், மறுபடியும் கோடு. அதற்குள் வாசலில் வண்டி வந்து நின்றது. மாமனாரோடு சகலையும் இறங்கினார்.

மாமனார் என் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பரவால்ல மாப்ள. நீங்க ஜன்னல் வேலைய பாத்துக்கோங்க” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அப்போது சகலை குனிந்து மெஷினுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார். என் வெள்ளை பல்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நிமிர்ந்து, மாமனாரிடம் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். எதையோ மறைக்கிறான் இந்த மனுஷன், உள்ளுக்குள் சிரிக்கிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதுமனை புகுவிழாவில் ஊரே அவர் செய்த கதவைத் தடவிப் பார்த்தது. நான் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். ஜன்னலை யார் தடவிப் பார்க்கிறார்கள்? அதற்குப் பிறகு அவர் பட்டறைப் பக்கமே நான் போகவில்லை.

இந்த வருஷம் சகலைக்கு இளைப்பு அதிகமாகிவிட்டது. இனி மரத்தூள் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்ல, மெஷின்களை விற்றுவிட்டு பெங்களூரில் மகள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். விழுப்புரத்து வேலையும் இப்போது எனக்கே வருகிறது. துள்ளிக் குதிக்க வேண்டிய நான் ஏனோ சும்மா இருந்தேன். கிளம்புவதற்கு முன்னால் மனைவியின் அக்கா ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே அந்த ஓட்டை டின். கூடவே பழைய துணியில் பத்திரமாகச் சுற்றிய குண்டு பல்புகள்.

“தம்பி, இத உங்க கைல குடுக்கச் சொன்னாரு. இந்த பல்பு இப்போ கடையில கெடைக்கறதே இல்லயாம். அங்க இங்க தேடி சேத்து வெச்சிருந்தாரு. எல்.இ.டி.ல சூடு வராதாம். இரும்பக் காப்பாத்தறது சூடுதானாம், வெளிச்சம் இல்லயாம்.”

“இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?”

“அப்பா எதிர்ல சொன்னா உங்களுக்கு அசிங்கமாப் பூடும்னு வாய மூடிக்கினாரு. அப்பறம் நீங்கதான் எங்க பக்கமே வர்ல. ‘நான் எடுத்துக்கினு போனா வாங்க மாட்டாரு, அவருக்கு நம்ம மேல பொறாம, பட்டறைய மூடனதுக்கப்புறம் நீ குடு’ன்னு எங்கிட்ட சொல்லிட்டாரு.” சொல்லிவிட்டு அவர் சாதாரணமாகச் சிரித்தார். அந்த வீட்டில் என் பொறாமை எப்போதோ பேசித் தீர்ந்த சங்கதி போலிருக்கிறது. நான் மட்டும்தான் அதை யாருக்கும் தெரியாத ரகசியமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்திருக்கிறேன்.

இந்த ஐப்பசியில் அந்த டின் என் பிளேனருக்கு அடியில் இருக்கிறது. வெளியே நேற்றிலிருந்து அடை மழை. இன்று காலை கம்பளியை விலக்கி மேசையில் கை வைத்தேன். ஒரு பொட்டுத் துரு இல்லை. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது; பெங்களூரிலிருந்து சகலை.

“சகல, அங்க மழயா? மேசைல கை வெச்சிப் பாத்தீங்களா? வெதுவெதுன்னு இருக்குதா?”

இரும்பு நன்றாகவே சூடாக இருந்தது. “ஏதோ, கொஞ்சம் இருக்குது” என்றேன். அந்த மனுஷனிடம் முழுசாக ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அந்தப் பக்கம் அவர் இளைப்புக்கு நடுவில் சிரிப்பது கேட்டது. மேசையிலிருந்து கையை எடுக்காமலே நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.