மூடிய அடுப்பின் படம்

தாம்பரம் ஸ்டேஷனில் கன்னியாகுமரி ரயிலுக்குக் காத்திருந்தோம். மூன்று நாளாக மூட்டை கட்டியதில் எனக்கும் மருமகளுக்கும் பேச்சு தடித்துவிட்டது. "நான் வரலை. செம்பாக்கம் வீட்டுக்கே ஆட்டோ பிடிச்சுக் குடு" என்று மகனிடம் சொல்லிவிட்டேன். நான் சொன்னால் சொன்னதுதான்.

பெஞ்சில் என் பக்கத்தில், எங்களைப் போலவே கன்னியாகுமரிக்குப் போகும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். தலையில் வாடாத மல்லிகை, விரல் நுனியில் புளிசாதம் கிளறிய மஞ்சள். நிமிடத்துக்கு ஒரு தரம் போனைத் திறந்து பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

"பேரப்பிள்ளையாம்மா?" என்றேன்.

போனை என் பக்கம் திருப்பினாள். மூடியிருந்த கேஸ் அடுப்பு!

"போன வருஷம் ரயில்ல போகும்போது, கேஸை மூடினேனான்னு சந்தேகம் வந்துடுச்சு. செங்கல்பட்டுல எல்லாரையும் இறக்கித் திரும்பக் கூட்டிட்டு வந்துட்டேன். மூடித்தாம்மா இருந்துச்சு. வீட்டுக்காரர் இன்னும் கிண்டல் பண்றார். அதான் இந்தத் தடவை போட்டோ."

"இவ்ளோ பேஜாருக்கு வீட்லயே இருந்துடலாமேம்மா?"

"வீட்ல இருந்தா அது எரிஞ்சுகிட்டே இருக்குமேம்மா. நாலு நாள் மூடிக் கிடக்குதுன்னு பார்த்துக்கறேன் பாருங்க, அதான் எனக்கு டூரு."

ரயில் வந்ததும் அவள் வேறு பெட்டிக்கு ஓடினாள். நான் என் மருமகளின் விரல்களைப் பார்த்தேன். அவற்றிலும் மஞ்சள் இருந்தது. அவள் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு முதல் ஆளாக ஏறினேன்.

மறுநாள் கன்னியாகுமரியில் சூரியன் எழும்பியபோது எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணும் அங்கே எங்கோ நின்று கடலைப் பார்க்கிறாளா, அடுப்பைப் பார்க்கிறாளா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.