பலகையில் எழுதிய பின்

பட்டறையில் அவருக்குப் பெயர் கொள்ளி. பயந்தாங்கொள்ளி என்று முழுதாகக் கூப்பிடச் சோம்பல்பட்டு முன்பாதியை வெட்டிவிட்டார்கள். பந்தயம் பார்க்க வருகிறவர்கள், நெருப்பு மாதிரி ஓட்டுவதால்தான் அந்தப் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் யாரையும் திருத்தவில்லை.

பயம் உண்மைதான். கல் குவாரியில் லாரி ஓட்டிய காலத்தில் ஒருமுறை இறக்கத்தில் பிரேக் போய்விட்டது. முழுப் பாரத்தோடு, கியரை மட்டும் நம்பி மூன்று வளைவுகளைக் கடந்து கீழே வந்து சேர்ந்தார். குவாரி முதலாளி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு பந்தயக் கார் இருந்தது. ஓட்டத்தான் ஆள் இல்லை.

"உனக்கு ரொம்பத் தைரியம்பா."

"இல்லீங்க. பயத்துலதான் ஓட்டினேன்."

"அப்ப அந்தப் பயத்தோடயே வந்து என் காரை ஓட்டு."

அப்படித் தொடங்கியது பன்னிரண்டு வருடம் நீடித்தது. போர் முடிந்து விமானங்கள் போய்விட்ட ஓடுதளங்களில், எண்ணெய்ப் பீப்பாய்களையும் வைக்கோல் கட்டுகளையும் வரிசையாக வைத்துப் பந்தயம் விட்ட காலம் அது. இடுப்பில் பட்டை கிடையாது. கார் கவிழ்ந்தால் வெளியே தூக்கி எறியப்படுவதே மேல் என்று ஓட்டுகிறவர்களே சொன்னார்கள். கூட ஓட்டியவர்களில் ஏழு பேர் அந்தப் பன்னிரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்தார்கள்.

ஒவ்வொரு பந்தயத்தன்றும் காலையில் அவர் வாந்தி எடுப்பார். வாயைக் கொப்பளித்துவிட்டு மனைவியிடம் மட்டும், "பயமா இருக்கு" என்பார். "சரி, போய்ட்டு வாங்க" என்பாள் அவள். தன் பயத்தைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை.

அவள் வேலை தடுப்புச் சுவரோரம் நிற்பது. ஒரு கையில் நேரக் கடிகாரம், மறு கையில் கரும்பலகை. ஒவ்வொரு சுற்றுக்கும் சாக்குக்கட்டியால் எழுதித் தூக்கிக் காட்டுவாள். 'முன் 4' என்றால் முன்னால் போகிறவன் நான்கு வினாடி தள்ளி இருக்கிறான். 'பின் 9' என்றால் துரத்துகிறவன் ஒன்பது வினாடி பின்னால் வருகிறான். அந்த வேகத்தில் அதற்கு மேல் படிக்க முடியாது.

ஒருமுறை மழை பிடித்தபோது அவள் 'வா' என்று எழுதினாள். அவர் வந்து நிறுத்தினார். ஐந்து நிமிடத்தில் வானம் வெளுத்துவிட்டது. கையில் இருந்த வெற்றி போனது. வீடு திரும்பும்போது சொன்னார்: "என் பயமே எனக்குப் போதும். உன் பயத்தையும் பலகையில எழுதி நீட்டாத. இனிமே 'வா'ன்னு எழுதினா நிக்க மாட்டேன்."

"எழுதல, போங்க."

காரைக் கவனித்தவன் அவளுடைய தம்பி. நட்டு கழலாமல் இருக்க, போல்ட்டின் துளைக்குள் இரண்டு கால் கொண்ட கம்பியை நுழைத்து, கால்களை விரித்து மடக்குவார்கள். அதைப் பட்டறையில் பின் என்பார்கள். வேலை தொடங்குமுன் எத்தனை தேவையோ அத்தனை புதுப் பின்களை எண்ணிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான் தம்பி. பை காலியானால் வேலை முடிந்தது. வேறு கணக்கு கிடையாது.

பதினோராம் வருடம், நாற்பது சுற்றுப் பந்தயம். காலையில் அவன் காருக்கடியில் கிடந்தபோது, எடை போடக் காரைத் தள்ளிக்கொண்டு வரச் சொல்லி அதிகாரிகள் அவசரப்படுத்தினார்கள். எழுந்த வேகத்தில் எண்ணெய் மேலே கொட்டியது. சட்டையை மாற்றிக்கொண்டு ஓடினான்.

முப்பத்தோராம் சுற்றில் கொள்ளிதான் முதலில். அக்கா 'பின் 9' காட்டி இறக்கினாள். தம்பி கை துடைக்கக் காலையில் கழற்றிப்போட்ட சட்டையை எடுத்தான். விரலில் ஏதோ குத்தியது.

பையில் ஒரு புதுப் பின்.

"அக்கா." அதை அவளிடம் நீட்டினான். "ஒண்ணு மிச்சம் இருக்கு."

"எதுல விட்டடா?"

"ஸ்டியரிங் கம்பியா, பின் சக்கரமா... தெரியல அக்கா."

ஓடுதளத்தின் அந்தக் கோடியில் ஒரு கொண்டை ஊசி வளைவு. இங்கிருந்து தெரியாது, கேட்கத்தான் முடியும்: இரண்டு முறை கியர் இறங்கும் சத்தம், பிறகு ஏறும் சத்தம். கேட்டது. அவள் மூச்சு விடுவதற்குள் தம்பி பலகையைப் பிடுங்கி, பெரிய எழுத்தில் 'பின்' என்று எழுதித் தலைக்கு மேல் தூக்கினான்.

கொள்ளி பார்த்தார். கையை உயர்த்திக் காட்டினார். போய்விட்டார்.

அந்தச் சுற்று இரண்டு நிமிடம் ஆறு வினாடி. அன்று அவர் அவ்வளவு வேகமாகப் போனதே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

"பாவி, பின்னால ஆள் ஒட்டிக்கிட்டு வரான்னு நெனச்சுட்டாருடா! எண் போடாம எழுதினா வேற என்ன நெனப்பாரு?"

பலகையை அழித்து 'வா' என்று எழுதினாள். தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். அவர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தபடி போனார். இரண்டு நிமிடம் ஐந்து வினாடி.

தம்பி காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். ஒன்று. இரண்டு. ஏறும் சத்தம் வர நேரமானது போல் இருந்தது, வந்தது. இனி எதை எழுதினாலும் அவர் நம்பமாட்டார். பதினோரு வருடத்தில் அவள் இல்லாத சுவரை மட்டும் அவர் பார்த்ததே இல்லை.

பலகையைக் கவிழ்த்து வைத்தாள். சுவரை விட்டு இறங்கி, கருவிகள் இருந்த வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள். வண்டிக்குள் அவர்களுடைய சின்ன மகள் சளியோடு தூங்கிக்கொண்டிருந்தாள். கார் கடக்கும் சத்தத்துக்கு, வெளியே நின்றவள் கண்ணை மூடிக்கொண்டாள். சத்தம் கடந்தது. நிற்கவில்லை. மறுபடி வளைவு; ஒன்று, இரண்டு. அதன்பின் ஏறிய சத்தம் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது.

அடுத்த சுற்றில் கார் தடம் விலகி உள்ளே வந்தது. கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு அவர் கத்தினார்: "பாப்பாவுக்கு என்ன?"

"பாப்பா தூங்குறா."

"அப்புறம் நீ எங்க போன?"

தம்பி அதற்குள் காருக்கடியில் இருந்தான். ஸ்டியரிங் கம்பியின் நட்டு விரலாலேயே சுழன்றது. திருகுமரையில் இரண்டு சுற்றுதான் பிடித்துக்கொண்டிருந்தது. வெளியே வந்து பின்னை நீட்டினான். "மாமா, நான்தான்..."

அவர் அதை வாங்கிப் பார்த்தார். "இதையாடா எழுதின? எவனோ முதுகுல ஏறிட்டான்னு மிதிமிதின்னு மிதிச்சேன்டா!" சிரித்தார். சிரிப்பு நின்றது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் லேசாக அசைத்துப் பார்த்தார். ஒரு கார் கடந்தது, இன்னொன்று கடந்தது.

"நீயே போடு மாப்ள."

"வேற யாராவது போடட்டும் மாமா. விட்டவன் நான்."

"நீதான் போடணும். ரெண்டு காலையும் நல்லா விரிச்சு மடக்கு."

அவன் நட்டை முறுக்கிப் பின்னைப் போட்டான். அவள் பலகையை எடுத்தாள். "என்ன எழுதட்டும்?"

"ஒண்ணும் எழுதாத. என் கண்ணுல படற மாதிரி நில்லு."

அவள் அவர் தோளைப் பிடித்தாள். "பயமா இருக்குங்க" என்றாள், முதல் தடவையாக.

"சரி" என்றார் அவர். "போய்ட்டு வரேன்."

மீதிச் சுற்றுகளையும் ஓட்டி ஐந்தாவதாக முடித்தார். ஒவ்வொரு சுற்றிலும் அவள் வெறுங்கையோடு சுவரில் நின்றாள்.

அதன் பிறகும் ஒரு பருவம் ஓட்டிவிட்டுத்தான் நிறுத்தினார். அந்தப் பருவத்தில் பட்டறையில் பின்னை யாரும் பின் என்று சொல்லவில்லை, ஊசி என்றார்கள். தம்பி தன் சட்டைகளிலிருந்து பைகளைப் பிரித்து எடுத்துவிட்டான். ஊசிகளை ஒரு தகரத் தட்டில் எண்ணிவைத்து, தட்டை ஓட்டுகிறவரின் இருக்கையில் வைத்தான். தட்டு காலியாகும் வரை கொள்ளி பக்கத்தில் நின்றபடியே காத்திருப்பார். பிறகு அதைக் கையில் எடுத்து, அடியையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, மனைவியிடம் கொடுத்து ஏறி உட்காருவார்.