கட்டைவிரல் கண்ட காரம்

அடுப்பைப் பற்றவைக்கும் முன்பு வாஷர், அக்கா வீட்டுச் சமையலறையில் இருந்த ஒவ்வொரு சாமானையும் எடுத்து மோந்து பார்த்தார். கரண்டி, கத்தி, வெட்டுப்பலகை, வாணலி. வாணலியைத் திரும்ப ஆணியிலேயே மாட்டினார். பல வருஷத்து மிளகாய் அந்த இரும்பில் ஊறிக் கிடந்தது. எத்தனை தேய்த்தாலும் போகாது. வரும் வழியில் வாங்கிய புது எவர்சில்வர் பாத்திரத்தைப் பையிலிருந்து எடுத்துக் கழுவினார்.

வாஷர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தண்ணீர் பம்பு பழுது பார்க்கிறவர் அவர். எந்த வீட்டில் எந்த மோட்டார் மக்கர் செய்தாலும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "வாஷர் போயிருக்கும்" என்பார். பெரும்பாலும் தண்ணீர் கசியாமல் அடைக்கும் அந்த ரப்பர் வளையம்தான் போயிருக்கும். யாரிடமும் தொழில் கற்றவர் இல்லை. பிரித்துப் போட்டு, மாட்டி, மறுபடி பிரித்துத் தானாகத் தெரிந்துகொண்டது. ஒழுகுகிற இடத்தை வெறித்துக்கொண்டு நிற்காமல், தண்ணீர் நுழையும் இடத்திலிருந்து ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுக்கொண்டே வர வேண்டும் என்பது அவர் கண்ட பாடம்.

இன்று அவர் வைக்க வந்தது ஒரு கிண்ணம் குழம்பு. அடுத்த அறையில் அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வாயில் வந்த கட்டிக்குக் கதிர்வீச்சு வைத்தியம் முடிந்திருந்தது. கட்டி போய்விட்டது, வாய் முழுக்கப் புண் தங்கிவிட்டது. இத்தனை நாளும் மூக்கு வழியே போட்ட குழாயில்தான் ஆகாரம். குழாயை எடுத்தபின் கஞ்சி கொடுத்தார்கள், எரிந்தது. இட்லியைக் கரைத்துக் கொடுத்தார்கள், புளிப்பு பட்டு உயிர் போய் வந்தது. அதோடு சூடு கண்ட பூனையாகிவிட்டாள். ஸ்பூனைக் கண்டாலே உதடு இறுகிக்கொண்டது.

வீட்டுக்கு வரும் நர்ஸ் நேற்றுச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "நாளைக்கு மதியம் ஒரு கிண்ணமாவது வாயால எறங்கணும். இல்லன்னா மறுபடி குழாய் போட்டுத்தான் ஆகணும். எடை ரொம்பக் கொறஞ்சிடுச்சு."

அவள் போனபின் அக்கா தம்பியைப் பக்கத்தில் கூப்பிட்டாள். அவள் குரல் இப்போதெல்லாம் காகிதம் உரசுவதுபோல்தான் வந்தது.

"குழாய் போட்டா நான் புடுங்கிப் போட்டுடுவேன்டா. மறுபடி என்னால முடியாது."

"அப்ப சாப்பிடணும்க்கா."

"எரியாதுன்னு நீ சொல்லு, வாயத் தொறக்கறேன். ஒரு தடவதான். அதுவும் எரிஞ்சா அப்புறம் என்னக் கேக்காதீங்க."

"எரியாது," என்று வாஷர் வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்தபின் இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

பாலும் தயிரும் வெண்ணெயும் கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அது அக்காவிடம் நடக்காது. பால் பாக்கெட் போடும் ஆலையில் பாதி ஆயுசு வேலை பார்த்தவள் அவள். ஒருமுறை ஆலைக்காரர்கள் பால் வரும் பண்ணைக்குக் கூட்டிப்போனார்கள். கட்டிவைத்த கன்றுகள் கத்திய கத்தலைக் கேட்டுவிட்டு வந்தவள், அன்றோடு பால், நெய், முட்டை, மாமிசம் எல்லாவற்றையும் விட்டாள். பிள்ளையில்லாதவள் அவள். அந்தச் சத்தத்தைப் பற்றி அதற்குமேல் யாரிடமும் பேசியதில்லை.

ஆக, வழவழப்புக்குத் தேங்காய்ப்பாலும் முந்திரியும். இனிப்புக்கு மஞ்சள் பூசணி. கெட்டிக்கு ஒரு உருளைக்கிழங்கு. தக்காளி கூடாது, புளிப்பு. இஞ்சி, மிளகு கூடாது. கடுகு தாளித்தால் ஒரு கடுகு தொண்டையில் ஒட்டினாலும் போதும், கதை முடிந்தது. சீரகத்தையும் தனியாவையும் துணியில் முடிந்து வேகும் தண்ணீரில் தொங்கவிட்டு, வாசனை இறங்கியதும் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். மஞ்சள்தூள் நகக்கண் அளவு. உப்பு, யோசித்துப் பார்க்கலாம்.

சமையலறை வாசலில் அக்காவின் கணவர் வந்து நின்றார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளும் கம்பியைப் பிடித்ததுபோல நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்.

"என்ன மாப்ள, குழம்பு வைக்கிறியா, மோட்டார் பிரிக்கிறியா? ஸ்பேனர் எடுத்துத் தரவா?"

"மாமா, கைய கழுவாம எதையும் தொடாதீங்க."

"நான் எங்க தொட்டேன். என் வீட்டு அடுப்படில எனக்கே டிக்கெட் இல்ல."

பேச்சு வேடிக்கையாக இருந்தாலும் அவர் கண் அடிக்கடி அடுத்த அறைப் பக்கம் போய் வந்தது. அவரும் தூங்கியிருக்கவில்லை.

தேங்காயைத் துருவும்போது வாஷரின் இடது கட்டைவிரலைத் துருவல் பல் கீறிவிட்டது. ரத்தம் துளிர்த்ததும் கையை விலக்கிக்கொண்டு, குழாய்த் தண்ணீரில் காட்டி, துணிக்கிழிசல் ஒன்றைச் சுற்றிக்கொண்டார். அரைமூடித் தேங்காய்த் துருவலையும் ஊறிய முந்திரியையும் மிக்சி ஜாரில் போட்டார். ஜாரைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவியிருந்தார். பாலைப் பிழிந்து வடிகட்டினார். பூசணியும் கிழங்கும் குழைய வெந்ததும் மசித்து, சல்லடையில் தேய்த்து, பாலை ஊற்றி, கொதிக்கவிடாமல் ஓரம் நுரைக்கும்போதே இறக்கினார். சாமந்திப்பூ நிறத்தில், கரண்டியின் முதுகில் ஒட்டி நழுவியது குழம்பு.

நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. தனியாக இருந்து தானே பொங்கித் தின்கிறவர் அவர். சோற்றுக்குப் பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு பழகிய நாக்கு. அதனால் மாமாவிடமும் ஒரு சொட்டு நீட்டினார்.

"காரமா? பச்சத்தண்ணி கெட்டது போ," என்றார் மாமா. அவர் நாக்கும் அந்த ரகம்தான்.

அதற்குள் நர்ஸ் வந்துவிட்டாள். அக்காவை நிமிர்த்தி உட்காரவைத்து, வாயை மரக்கவைக்கும் மருந்தைக் கொப்புளிக்கச் செய்தாள். "அரை மணி நேரம் தாங்கும். அதுவும் வலி குறையும், அவ்வளவுதான், முழுசா மறையாது. அடுத்த தடவ சாயங்காலம்தான் குடுக்கலாம். சீக்கிரம் கொண்டு வாங்க." அவளுடைய பையின் வாயில் உறை பிரிக்காத குழாய் ஒன்று தெரிந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா கிண்ணத்தை ஏந்திக்கொண்டு போனார். கிண்ணத்தின் விளிம்பில் வழிந்திருந்த குழம்பை வாஷர் வழியிலேயே கட்டைவிரலால் துடைத்துவிட்டார். விரலில் சுற்றிய துணி எப்போதோ நழுவிப்போயிருந்தது.

அக்கா தம்பியைப் பார்த்தாள். "எரியாதா?"

"எரியாது," என்று சொல்லி வாய் மூடவில்லை, கட்டைவிரல் கீறலில் சுருக்கென்றது. குழம்பின் சூடு பட்டிருக்கும் என்று நினைத்தார். விரலை வேட்டியில் துடைத்தார். எரிச்சல் போகவில்லை, பரவியது. அவருக்கு அந்த எரிச்சல் பழக்கமானது. மிளகாய் கிள்ளிய கையால் புண்ணைத் தொட்டால் வருவது.

மாமா ஸ்பூனை நிரப்பி உதட்டருகே கொண்டுபோயிருந்தார்.

"மாமா, குடுக்காதீங்க."

ஸ்பூன் நின்றது.

"இதுல காரம் இருக்கு."

"எங்கடா காரம்? நானும் ருசி பாத்தேன், நீயும் பாத்த."

"நம்ம நாக்க நம்ப முடியாது மாமா. விரல்ல எரியுது."

மாமாவின் முகம் கறுத்தது. "மருந்து போட்டாச்சு. நேரம் ஓடுது. ஊசிமுனை காரத்துக்கு நிறுத்தினா சாயங்காலம் வரைக்கும் பட்டினி போடுவியா? கண்ண மூடிட்டு முழுங்கிடுவா."

நர்ஸ் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தாள். "நமக்கு ஒன்னும் இல்ல. லேசாத்தான். ஆனா இருக்கு." அக்காவின் உதடு மறுபடி இறுகத் தொடங்கியதை மூவரும் பார்த்தார்கள்.

வாஷர் சமையலறைக்கு ஓடினார். புத்தி பழக்கப்பட்ட வழியில் போனது. தண்ணீர் நுழையும் இடத்திலிருந்து தொட்டு வா. சல்லடையில் ஒட்டியிருந்த பூசணியை எடுத்துக் கீறலில் வைத்தார். எரியவில்லை. மஞ்சள்தூளைக் குழைத்து வைத்தார். இல்லை. வடிகட்டியில் மிஞ்சியிருந்த தேங்காய்ச் சக்கையை வைத்தார். எரிந்தது.

ஜார் மூடியைத் திருப்பினார். விளிம்பைச் சுற்றி ரப்பர் வளையம். ஸ்பூன் காம்பைக் கொடுத்து நெம்பி எடுத்தார். கீழே, பள்ளம் நெடுக, செங்கல் நிறத்தில் மிளகாய் விழுது படிந்து கிடந்தது.

பின்னாலேயே வந்து நின்ற மாமா அதைப் பார்த்தார். "போன வாரம் எனக்குச் சட்னிக்கு அரைச்சேன்," என்றார் மெதுவாக. பிறகு அவருக்கே தாங்கவில்லை. "ஊருக்கெல்லாம் சொல்ற பல்லி கழனிப்பானையில விழுந்துச்சாம். ஏண்டா, உலகத்துல இருக்கற வாஷரையெல்லாம் பிரிச்சவன், இதப் பிரிக்கலியே நீ."

"பிரிக்கல மாமா. பாதித் தேங்கா இருக்கு, துருவுங்க. என் கை ஆகாது."

மாமா மணிக்கட்டு வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் துருவ உட்கார்ந்தார். மிச்சப் பூசணியை வாஷர் கொத்தமல்லி விதையளவுக்கு நறுக்கினார், சீக்கிரம் வேகட்டும் என்று. கிழங்கையும் அப்படியே. முதல் குழம்பை வேறு சட்டிக்கு மாற்றி, எவர்சில்வர் பாத்திரத்தையும் கரண்டியையும் தேய்த்துக் கழுவி, கொதிநீரில் போட்டு மூடினார். முந்திரி வேண்டாம் என்று விட்டார், அரைக்கச் சாமான் இல்லை. துருவலில் வெந்நீர் தெளித்து மாமா பிசைந்தார். பிழியத் துணி? வீட்டுத் துணி எதிலும் கை வைக்க வாஷருக்குப் பயம். வாசலில் வந்து நின்ற நர்ஸ் தன் பையிலிருந்து புதுக் கட்டுத்துணி உறையைக் கிழித்துக் கொடுத்தாள்.

"எவ்வளவு நேரம் இருக்கு சிஸ்டர்?"

"கேக்காதீங்க. செய்யுங்க."

பூசணி வேக மறுத்தது. மூடியைத் திறந்து பார்க்கக் கை பரபரத்தது. திறந்தால் இன்னும் தாமதம். அடுத்த அறையிலிருந்து அக்கா ஒருமுறை இருமினாள். மாமாவின் கை பிழிவதை நிறுத்தி, மறுபடி பிழிந்தது.

வெந்தது. கரண்டியாலேயே மசித்தார். புதிதாகக் கழுவிய சல்லடையில் தேய்த்தார். பால் ஊற்றினார். முதல் குழம்பைவிட நிறம் மங்கல், பதம் நீர்த்திருந்தது. வாஷருக்குத் திருப்தி தருகிற வேலை இல்லை அது. வேறொரு கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, கட்டைவிரல் கீறலை அழுத்திப் பிளந்தார். ரத்தம் எட்டிப் பார்த்தது. அதைத் துடைத்துவிட்டு, ஆறிய சொட்டு ஒன்றை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

மாமா விரலையே பார்த்தார். "என்ன சொல்லுது?"

வாஷர் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். சுருக்கென்று வருமென்று உடம்பெல்லாம் எதிர்பார்த்தது. வரவில்லை.

"ஒன்னும் சொல்லல."

இம்முறை கிண்ணத்தை அவரே கொண்டுபோனார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தாள். உள்ளே நடந்தது எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"எரியாதா?" என்றாள், திரும்பாமலே.

அந்த வார்த்தையை மறுபடி சொல்ல அவருக்கு நா எழவில்லை. ஒருமுறை சொல்லிப் பொய்த்துப்போன வார்த்தை அது. கட்டைவிரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். பிளந்த கீறலும், ஓரத்தில் காய்ந்த மஞ்சளும் தெரிந்தன.

"இதுல வெச்சுப் பாத்தேன்க்கா."

அவள் விரலைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள், ஸ்பூன் நுழையும் அளவுக்கு மட்டும்.

குழம்பு உள்ளே போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். விழுங்கவில்லை. போர்வையைப் பிடித்திருந்த விரல் வெளுத்தது. நிலையைப் பிடித்திருந்த மாமாவின் கையும் அப்படியே. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. புருவம் சுருங்கி, நின்று, தளர்ந்தது.

வாய் மறுபடி திறந்தது. இந்தத் தடவை இன்னும் சற்று அகலமாக.

கிண்ணம் காலியாவதற்குள் மருந்தின் மரப்பு தேயத் தொடங்கியிருக்க வேண்டும், கடைசி வாய்களில் முகம் கோணியது. ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை. முடிந்ததும் நர்ஸ் தண்ணீர் கொடுத்து வாயைச் சுத்தம் செய்துவிட்டாள். உறை பிரிக்காத குழாயைப் பையின் அடியில் தள்ளி ஜிப்பை இழுத்தாள்.

"உப்பே போடல," என்றாள் அக்கா.

"போடல."

"மறந்துட்டியா?"

"மறக்கல. புண்ணுல உப்பு வெக்க பயமா இருந்துச்சு."

அவள் படுத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பாமல் இவர்கள் பக்கமே திரும்பினாள். "நாளைக்கு ஒரு கல்லு போட்டுப் பாரு," என்றாள்.

சமையலறையில் மாமா முதல் குழம்பைச் சோற்றில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் போட்டுவிட்டு மிளகாய்ப்பொடி டப்பாவைத் தேடினார். வாஷர் அவர் எதிரே அமர்ந்து, ரப்பர் வளையத்தை வெந்நீரில் போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் பள்ளம் பள்ளமாகத் தேய்க்க ஆரம்பித்தார்.

"அத விடு மாப்ள. புதுசு வாங்கிக்கலாம்."

"வாங்கலாம் மாமா," என்றார் வாஷர், தேய்த்துக்கொண்டே.